மேலே ஒரு கோட்டிங்

பாய் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில்தான் எங்கள் தெருவின் லட்சணம் எனக்கு முழுசாகப் புரிந்தது. அதற்கு முன்பும் அதே குண்டும் குழியுமான ரோட்டில்தான் தினமும் போய்வந்தேன். போகும்போது முனிசிபாலிட்டியைத் திட்டுவேன், வரும்போது லாரிக்காரனைத் திட்டுவேன், வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றியதும் மறந்துவிடுவேன். எனக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாய் எங்கள் எதிர்வீட்டுக்காரர். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு தோல் ஃபேக்டரியில், ஃபினிஷிங் செக்‌ஷனில் இருவரும் வெகுகாலம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் பஃபிங் மெஷின், அவர் ஸ்ப்ரே மெஷின். தோலின் மேல்பக்கத்தில் இருக்கும் கீறலையும் புள்ளியையும் நான் தேய்த்துத் தட்டையாக்கி அனுப்புவேன். அதன்மேல் அவர் கலர் கோட்டிங் அடித்து அனுப்புவார். அவர் கையை விட்டுப் போன தோலில் குறை எங்கே இருந்தது என்று மாட்டைப் பெற்ற மாடு வந்தாலும் கண்டுபிடிக்காது. இதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

கிட்னி இரண்டும் கைவிட்டபின் அவர் வேலையை விட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி, ஆட்டோவில் ஏறி இறங்க முடியாது. ஒரே மகள் வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். நான் அப்போதுதான் ரிட்டயர் ஆகி, வீட்டில் என் மனைவியின் காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தேன். "சும்மா என் உசிர வாங்கறதுக்குப் பதிலா பாய்கூட போய்ட்டு வா" என்று அவள்தான் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரி ஹைவேக்கு அந்தப் பக்கம். ஹைவேயில் ஆட்டோ வழுக்கிக்கொண்டு போகும், பாய் கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் தெரு முனையிலிருந்து அவர் வீட்டு வாசல் வரைக்கும் இருக்கிற கொஞ்ச தூரம்தான் நரகம். கிட்னி போனால் எலும்பும் பலம் இழந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கி ஏறும்போது பாய் பல்லைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடிப்பார். சத்தம் போடமாட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையில் அவர் விரல்கள் பதிந்திருக்கும்.

பள்ளங்களுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். தோலில் என்னென்ன குறை வருமோ அந்தப் பெயர்கள்தான். டீக்கடை எதிரில் சின்னச் சின்னதாகப் பொத்தல் விழுந்திருந்த இடம் உண்ணிக்கடி. குடிதண்ணீர்ப் பைப்புக்காகக் குறுக்கே வெட்டிவிட்டு மண்ணை மட்டும் தள்ளி மூடிய இடம் கத்திவெட்டு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தார் நீளமாகப் பிளந்திருந்த இடம் முள்கீறல். "தம்பி, கத்திவெட்டு வருது" என்பார். நான் ஆட்டோக்காரரின் தோளைத் தட்டி, "மெதுவா, மெதுவா" என்பேன். அவரும் மெதுவாகத்தான் போவார். மெதுவாகப் போனாலும் பள்ளம் பள்ளம்தானே.

தெரு அப்படி ஆனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். தெருக் கடைசியில் ஒரு பச்சைத்தோல் குடோன் இருக்கிறது. உப்புப் போட்டு அடுக்கிய தோல்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரும். உப்புத்தண்ணீர் வழியெல்லாம் சொட்டும். லாரியின் கனமும் அந்தத் தண்ணீரும் சேர்ந்தால் எந்தத் தார்தான் தாங்கும்? குடோனில் போய்ச் சண்டை போடலாம் என்றால் தெருவில் பாதிப் பேர் அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள்.

ஒருவழியாக முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு இன்ஜினியரம்மா வந்தார். சின்ன வயசு, முகத்தில் களைப்பு, ஆனால் பொறுமையாகப் பேசினார். தெருவை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று சொன்னார். மூன்று வழி இருக்கிறது. பள்ளத்தை மட்டும் அடைக்கலாம். ஒரு மழைக்குக்கூட நிற்காது. இருப்பதன் மேலேயே புதுசாக ஒரு தார் லேயர் போடலாம். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வண்டி ஓட்டலாம். இல்லையென்றால் பழைய தாரையெல்லாம் பெயர்த்தெடுத்து, அடியில் ஜல்லி போட்டு இறுக்கி, முதலிலிருந்து போடவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் தெருவுக்குள் வண்டி வராது.

"பாருங்க, வெடிப்பெல்லாம் கட்டம் கட்டமா இருக்குல்ல? இதுக்கு முதலைத் தோல் வெடிப்புன்னு பேரு. இப்படி வந்துச்சுன்னா அடியில ஆட்டம் கண்டுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

தோல் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தெருவுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். ஃபினிஷிங்கில் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த தெரு அது. குறையுள்ள தோலைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது தூக்கிப் போடுவது அல்ல, மேலே என்ன அடித்தால் மறையும் என்பதுதான். அந்தப் புத்தி ரோட்டைப் பார்க்கும்போதும் போகவில்லை. ஒருவர் "நல்லா திக்கா ஒரு கோட்டிங் உடுங்க மேடம், சரியாய்டும்" என்றார். இன்னொருவர் "ரெண்டு கோட்டிங் உடுங்க" என்றார். கோட்டிங் அடித்தால் தோலின் கனம் கூடுவதில்லை. ரோடு அப்படியா? ஒவ்வொரு தடவையும் அது ஏறும், வீடு இறங்கும். இத்தனை வருஷம் வாசல்படியை ரோட்டுக்குப் பறிகொடுத்தவர்களுக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பாய் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது அவர் வீட்டுக்கு மூன்று கருங்கல் படிகள். ஷிப்ட் முடிந்து வந்து நாங்கள் அதில் உட்கார்ந்துதான் பீடி குடிப்போம், அவர் ஒரு படி மேலே, நான் ஒரு படி கீழே. முதல் தடவை ரோடு போட்டதில் ஒரு படி மறைந்தது. அடுத்த தடவை இன்னொன்று. அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே படி.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அன்றைக்கும் நின்றது. "தோண்டித்தான் போடணும்" என்றேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். "அடி லூஸா இருந்தா மேல கோட்டிங் நிக்காது. இது தெரியாம இன்னா ஃபினிஷிங் வேல பாக்கறீங்க? அதுவும் இல்லாம இன்னும் ஒரு லேயர் ஏத்தினா பாய் வீட்டுக்குள்ள தண்ணி வந்துடும்."

பாயைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மரத்தடிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் எனக்காகப் பேசுவார் என்று நான் நினைத்தேன். அவருடைய வீட்டைக் காப்பாற்றத்தானே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"மேலயே போடுங்கம்மா" என்றார் பாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா பாய் இது?"

"தோண்டினா ஆட்டோ வராது. நான் எப்படிப் போறது?"

"நாங்க நாலு பேரு இருக்கோம். சேர்ல உக்கார வெச்சு மெயின் ரோடு வரைக்கும் தோள்ல தூக்கிட்டுப் போறோம். துளி குலுங்காது."

பாய் என் தோளைப் பார்த்தார். "தோள்ல தூக்கறதுக்கு ஒரு நாள் இருக்கு தம்பி. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவர் சிரிக்கவில்லை. நான் விடவில்லை. "மழை வந்தா இன்னா பண்ணுவீங்க? வீட்டுக்குள்ள தண்ணி வந்தா எங்க படுப்பீங்க?" என்று கேட்டேன்.

"மழை எப்பவோ வரும். நான் நாளைக்குப் போகணும்" என்றார்.

இன்ஜினியரம்மாவுக்குத் தோண்டுவதில்தான் விருப்பம் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவரும் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிய பாயின் கையைப் பார்த்தார். மேலேயே போடுவது என்று முடிவானது. நான் விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நியாயம் என் பக்கம் இருந்தது. இன்றைக்கும் என் பக்கம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ரோடு போட்ட அன்று தெருவே தார் வாசனை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஆட்டோ வந்தது. ஒரே ஒரு படி இருந்த இடத்தில் படியே இல்லை. வீட்டு வாசலும் ரோடும் ஒரே மட்டம். பாயை அப்படியே நடத்திக்கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்ற முடிந்தது, அதுவும் ஒரு சௌகரியமாகத்தான் இருந்தது. நான் பழக்கத்தில் என் கையை அவர் பக்கம் நீட்டி வைத்தேன். ஆட்டோ நகர்ந்தது. முள்கீறல் இருந்த இடம் வந்தது, போனது. கத்திவெட்டு வந்தது, போனது. அவர் என் கையைப் பிடிக்கவே இல்லை. டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரருக்கு ஒரு சலாம் வைத்தார். "இன்னா தம்பி, விமானத்துல போற மாதிரி இல்ல?" என்றார். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் போனது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஆட்டோவிலேயே தூங்கிவிடுவார். வீடு வந்தபின் நான் எழுப்புவேன். "வந்துட்டமா?" என்பார். ஒருநாள் அவர் மனைவி என்னைப் பார்த்து, "இப்போ ராத்திரி முனகறதில்ல தம்பி" என்றார். நான் தோண்டச் சொன்னவன் என்பதை நினைவில் வைத்துத்தான் சொன்னாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் பட்டது.

அப்புறம் மழை வந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் ஊரே பாலத்தில் போய் நின்று செல்போனில் படம் எடுக்கும். அந்த வருஷமும் எடுத்தது. நான் போகவில்லை. நான் வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் விழுந்த தண்ணீர் போக இடமில்லாமல், நடந்து போகிற ஆள் மாதிரி நிதானமாக பாய் வீட்டுக்குள் போனது. நானும் என் மனைவியும் ஓடிப்போய்ப் படுக்கையைக் கட்டிலின்மேல் தூக்கிப் போட்டு, பாயை அதன்மேல் உட்காரவைத்து, பக்கெட்டால் மொண்டு மொண்டு ஊற்றினோம். மொள்ள மொள்ள வந்துகொண்டே இருந்தது. "நான் சொன்னேன்ல" என்று நான் சொல்லவில்லை. நாக்கின் நுனி வரை வந்தது. என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள், விழுங்கிவிட்டேன்.

தண்ணீர் வடிந்ததும் அவர் மனைவி ஆளை வைத்து வாசலில் குறுக்கே ஒரு தடுப்புக்கட்டை கட்டினார். செங்கல்லும் சிமெண்ட்டும், முழங்கால் உயரம். எங்கள் பக்கம் தாழ்ந்துபோன வீடுகளுக்கெல்லாம் அதுதான் கதி. தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் பாய் வெளியே வரவேண்டுமே. அந்தக் கட்டையைத் தாண்ட அவரால் காலைத் தூக்க முடியவில்லை. நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்துத் தூக்குவோம். தூக்கும்போது எங்கேயாவது இடிக்கும், எங்கேயாவது இழுக்கும். மறுபடி பல்லைக் கடித்தார். மறுபடி என் மணிக்கட்டு. தெருவில் இருந்த வலி வாசலுக்கு வந்துவிட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் ரோடும் பல்லிளித்தது. முதலில் முள்கீறல் இருந்த அதே இடத்தில் மயிரிழையாக ஒரு கோடு. பிறகு கட்டம் கட்டமாக வெடிப்பு. குடோன் லாரிகள் மிச்ச வேலையைப் பார்த்தன. கத்திவெட்டு அதே இடத்தில் வாயைத் திறந்தது. புதிதாகப் போட்டது அங்கங்கே அப்பளமாகப் பெயர்ந்தது.

ஒருநாள் திரும்பி வரும்போது ஆட்டோ கத்திவெட்டில் இறங்கி ஏறியது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "கோட்டிங் பீல் ஆவுது தம்பி, உரியுது."

"அடி லூஸு பாய்" என்றேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னேன்.

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேந்து?"

"அந்தம்மா வந்து நின்னப்பவே. நம்ம கைக்குத் தெரியாதா, எது தாங்கும் எது தாங்காதுன்னு? எவ்ளோ நாள் தாங்கணும்னுதான் பாத்தேன். எனக்குக் கொஞ்ச நாள் தாங்கினா போதும்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கணக்கு தப்பாயிடுச்சு. நான் ஜாஸ்தி நாள் இருந்துட்டேன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மரத்தடியில் நான் ஒரு விவரம் தெரியாதவருக்கு விவரம் சொல்வதாக நினைத்துக் கத்தியிருக்கிறேன். அவர் எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார். வீடு வந்ததும், "பாத்து, பாத்து" என்று சொல்லி இறக்கினோம்.

அடுத்த மழையில் ஒரு விடிகாலையில் பாய் மௌத் ஆனார். தூறல் விடவே இல்லை. உறவுக்காரர்கள் வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வந்தார்கள். மத்தியானம் லுகர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். சந்தூக் பெட்டியை வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவரும்போது முன்பக்கம் தூக்கியவர்கள் தடுப்புக்கட்டையைத் தாண்ட அதன்மேல் ஏறினார்கள். பின்பக்கம் தூக்கியவர்கள் இன்னும் உள்ளே, கீழே. சந்தூக் ஒரு பக்கமாகச் சரிந்து, கட்டையில் டங்கென்று இடித்தது.

"மெதுவா!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு இனி வலிக்காது என்று அங்கே நின்ற சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் அந்த ஒரு நொடி தெரியவில்லை. வலது மணிக்கட்டு தானாக முன்னால் போயிருந்தது.

எங்கள் பக்கம் மையித்துக்குத் தோள் கொடுக்க ஜாதி, மதம் பார்ப்பதில்லை. ஆள் மாற்றி ஆள் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். தெரு நடுவில் எனக்கும் முறை வந்தது. தோளில் வாங்கிக்கொண்டேன். கீழே கத்திவெட்டு நிறையத் தண்ணீர். காலை எட்டி வைத்துத் தாண்டினோம். உண்ணிக்கடியும் தாண்டினோம். மெயின் ரோடு வரைக்கும் துளி குலுங்கவில்லை. அதைத்தான் நான் அன்றைக்குச் சொன்னேன். எனக்கு அழுகையைவிட அவர் மேல் கோபம்தான் முதலில் வந்தது. கபரஸ்தானில் மண் போட்டபிறகுதான் அழுகை வந்தது.

அவர் மனைவி மகளோடு போய்விட்டார். வீடு பூட்டிக்கிடக்கிறது.

போன மாதம் முனிசிபாலிட்டியிலிருந்து மறுபடி வந்தார்கள். அந்தப் பழைய இன்ஜினியரம்மா மாற்றலாகிப் போய்விட்டார், இவர் வேறு ஆள். அதே மரத்தடியில் நின்று அதே மூன்று வழியைச் சொன்னார். தெருவில் ஒருவர்கூடக் கோட்டிங் பேச்சை எடுக்கவில்லை. தோண்டிப் போடுங்கள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். எவ்வளவு கத்தியிருக்கிறேன் இதற்காக. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று ஜேசிபி எங்கள் வீட்டெதிரில் தோண்டியது. தார் மூன்று அடுக்காகப் பெயர்ந்து வந்தது. மேல் அடுக்குதான் இருப்பதிலேயே மெல்லிசு. அது வந்தபின் பாய் வீட்டு வாசலில் கருங்கல் படி ஒன்று தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று படியும் வெளியே வந்துவிட்டது. ஓரமெல்லாம் தார் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடையவில்லை. தடுப்புக்கட்டை இனி எதற்கென்று தெரியாமல் மேலே நிற்கிறது. வேலை முடிந்து ஆட்கள் போனபிறகு நான் போய் உட்கார்ந்தேன், கீழ்ப்படியில்.

தெரு முழுக்க இப்போது ஜல்லியும் மண்ணும். ஆட்டோ உள்ளே வராது. "எப்போ முடியும்?" என்று மேஸ்திரியைக் கேட்டேன். இன்னும் மூன்று வாரம் ஆகலாம், மழை வந்தால் அதற்கு மேலும் ஆகலாம் என்றார். "பொறுமையா போடுங்க" என்றேன். நாளைக்குப் போகவேண்டியவர் யாரும் இப்போது எங்கள் தெருவில் இல்லை.